எழுபத்தொரு சதவீதம்

வாகா வாகா. ஆறாம் வகுப்பு. திங்கள், மூன்றாம் பாடவேளை.
வெளியே காலா கிளிகள்
கிரிக்கெட் பிட்சைக் கொத்திக்கொண்டிருக்கின்றன.
இந்தச் சட்டத்துக்குப் பாடநூல் ஒதுக்கியது ஒன்றரை வரி,
ஒரு கேலிச்சித்திரம்.
போதவில்லை என்று
காப்பகத்திலிருந்து இறக்கிய தாளை
இருபத்தாறு பிரதி எடுத்து வந்தேன்.

முன்பக்கம் லால் தீன். சுமைத்துணி வியாபாரி. வயது முப்பத்தெட்டு.
நேராக ஒரு முகம், பக்கவாட்டில் அதே முகம்.
பின்பக்கம்
மசியில் முக்கிய இடது கை.

ஊருக்குப் போய்த் திரும்பினால்
துறைமுகத்தில் ஓர் அதிகாரி ஐம்பது சொல் வாசிப்பார்,
தனக்குத் தோன்றிய மொழியில்.
பிழையில்லாமல் எழுத வேண்டும். இல்லையென்றால் அடுத்த கப்பல்.
இந்தத் தாள் கையில் இருந்தால் அந்தச் சோதனையிலிருந்து விலக்கு.

"ஜெர்மன்லகூட வாசிக்கலாமா மிஸ்?"
வாசிக்கலாம்.
"அதிகாரிக்கு ஜெர்மன் தெரியுமா?"
விடைக்குறிப்பில் இல்லாத கேள்வி.
பலகையின் மூலையில் எழுதி வட்டமிட்டேன்.

நான் சொல்லவில்லை;
அவர்களாகவே அந்தக் கைமேல் தங்கள் கையை வைத்தார்கள்.
ஷிரின் நிமிர்ந்தாள்:
"பொய் வயசு சொல்லியிருக்கார் மிஸ்.
இது சின்னப் பையன் கை. எனக்கே சரியா இருக்கு.
எங்க கேம்ப்லயும் அப்படித்தான் சொல்வாங்க."

பெரிய தாளைச் சிறிய தாளுக்குள் அடக்க
நேற்று மாலை நான் அழுத்திய பொத்தான் நினைவுக்கு வந்தது.
எழுபத்தொரு சதவீதம்.
காகிதம் மிச்சப்படுத்த
ஒரு மனிதனைச் சிறுவனாக்கியிருக்கிறேன்.

டார்சி ஸ்கேல் எடுத்தான்.
பதின்மூன்றரை சென்டிமீட்டர், வகுத்தல், புள்ளி ஏழு ஒன்று.
பத்தொன்பது.
நோட்டின் விளிம்பைத் தாண்டி
மேசைமேலேயே வரைந்துவிட்டான் முழுக் கையை.
அழிக்கச் சொல்ல மனம் வரவில்லை.

கீழே அதிகாரியின் கையெழுத்து.
இருபத்தாறு பேரும் முயன்றோம்,
ஒருவருக்கும் பெயர் பிடிபடவில்லை.
மேலே கட்டைவிரலின் சுழி மட்டும்
அத்தனை தெளிவு.

மணி அடிக்க நான்கு நிமிடம்.
ஜன்னலோர டைரல் இதுவரை வாய் திறக்கவில்லை.
"விலக்குச் சான்றுதானே? எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு.
அப்பாவோட தாத்தாவுக்குக் குடுத்தது.
ஹோட்டலுக்குள்ள போக. ராத்திரி டவுன்ல நடக்க.
சொந்தக்காரங்களோட சேரக் கூடாதுன்னும் போட்டிருக்கும்."
"அவர் எந்த நாட்டிலேர்ந்து வந்தார்?" யாரோ கேட்டார்கள்,
கெட்ட எண்ணம் இல்லாமல்தான்.

"ஆத்துக்கு அந்தப் பக்கத்திலேர்ந்து."

மூன்று வருடம் முன்பு
இதே ஆற்றங்கரைப் பூங்காவில் உறுதிமொழி சொல்லி,
சான்றிதழோடு ஒரு மரக்கன்றும் வாங்கி வந்தவள் நான்.
கன்று நன்றாகவே இருக்கிறது.
அன்று அதற்குமேல் பாடம் நடத்த எனக்கு வாய் வரவில்லை.

புதன்கிழமை கொண்டுவந்தான்.
இரண்டு அட்டைகளுக்கு நடுவில், ரப்பர் பேண்ட் போட்டு.
ஓரம் பழுத்த தாள். புகைப்படத்தில்
டை கட்டிய ஒருவர், டைரலின் அதே காதுகள்.
அப்பாவின் நிபந்தனைகளை ஒப்பிப்பதுபோல் சொன்னான்:
பிரதி எடுக்கக் கூடாது.
போனில் படம் பிடிக்கக் கூடாது.
தொடலாம்.
கை கழுவிட்டு வந்தா தொடலாம்.

வராந்தாக் குழாயடியில் வரிசை நின்றது.
ஒரே சோப்பு. யாரும் யாரையும் தள்ளவில்லை.
ஷிரின் நகக்கண் வரை தேய்த்தாள்.
டைரல் கதவருகே நின்று
ஒவ்வொரு கையாகத் திருப்பிப் பார்த்து
உள்ளே விட்டான்.

கடைசி ஆள் நான்.
நீட்டினேன்.
"இன்னும் மை இருக்கு மிஸ்" என்றான்.
பலகைப் பேனாவின் நீலம், சுட்டுவிரலில்.

திரும்பிப் போய்க்
குழாயைத் திறந்தேன்.